இருநூற்றுப் பதினாலாம் பெட்டி

கம்பெனியில் எல்லோரும் அவளைப் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்த டைரக்டர்கூட, "எதுக்கும் நம்ம பூட்டக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்பார். கடைகளில் நாள் முழுக்க மெல்லிசாகப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறதே, நடுநடுவே "குழந்தைகள் பிரிவு முதல் மாடியில்" என்று ஒரு குரல் சொல்கிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கல்லாவுக்குப் பின்னாலோ ஸ்டோர் ரூம் சுவரிலோ டிபன் டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி மாட்டியிருக்கும். அதை யாரும் நோண்டாமலும், உள்ளே இருக்கும் பாட்டை யாரும் உருவிக்கொண்டு போகாமலும் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

அவள் அந்த வேலையை ரசித்துச் செய்தாள். பெட்டியின் திருகாணிகளைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் கழற்ற முடியாது. பென் டிரைவ் செருகும் துளையில் பிசின் ஊற்றி அடைத்திருந்தாள். மூடியை லேசாக நெம்பினாலும் உள்ளே ஒரு விசை விழுந்து எல்லாம் அழிந்துவிடும். அப்புறம் அது வெறும் தகரம். கடையை விட்டு வெளியே கொண்டுபோனால் பெட்டி வாய் திறக்காது. எட்டு இலக்க எண் ஒன்றை அமுக்கினால்தான் பாடும். அந்த எண் எந்தத் தாளிலும் இல்லை, அவள் தலையில் மட்டும்தான் இருந்தது. போதாததற்கு ஒவ்வொரு பெட்டியும் தான் பாடும் பாட்டுக்குள் காதுக்குக் கேட்காத ஒரு குறியைக் கலந்துவிடும். பாட்டை யாராவது களவாடி வேறெங்காவது ஓட்டினால், அதைப் பதிவு செய்து கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் போதும். எத்தனையாவது நம்பர் பெட்டியிலிருந்து போனது என்று அது சொல்லிவிடும்.

பெட்டிகளில் ஓடிய மெட்டுகளில் பாதி அவள் கணவன் போட்டவை. அவனுக்கு நல்ல காது. தெருவில் போகும் வண்டியின் ஹாரனைக் கேட்டு, "அரை ஸ்வரம் இறங்கியிருக்கு" என்பான். அவள்தான் அவனைக் கம்பெனியில் அறிமுகப்படுத்தினாள். நாற்பத்திரண்டு மெட்டுகள் போட்டுக் கொடுத்தான். ஒப்பந்தப்படி அவை கம்பெனிக்குச் சொந்தம். அவன் பெயர் எங்கேயும் வராது, அவன் வேறெங்கும் அவற்றை வாசிக்கக் கூடாது, ஒரு பிரதிகூட வைத்துக்கொள்ளக் கூடாது. அவன் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டுக் கையெழுத்து வாங்கி வரச் சொல்லிக் கம்பெனி அனுப்பியதும் அவளைத்தான். சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், கட்டின புருஷனிடம் படிவத்தை நீட்டி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று அவள் கையெழுத்து வாங்கினாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு செருப்புக் கடையிலிருந்து இருநூற்றுப் பதினாலாம் நம்பர் பெட்டி திரும்பி வந்தது. மூடி ஒரு பக்கம் நசுங்கி, சீல் கிழிந்திருந்தது. ஆனால் மூடி திறந்துகொள்ளாததால் உள்ளே விசை விழவில்லை, பழைய பாட்டுகள் அப்படியே இருந்தன. ஏணி சாய்ந்து பெட்டி மேல் விழுந்துவிட்டதாகக் கடை மேனேஜர் எழுதியிருந்தார். கடைக்கு வேறு பெட்டி போய்விட்டது. நசுங்கியது சோதனைக்கு ஆகும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அந்த வாரம் ஒர்க் ஷாப்பில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று விதி எழுதியவள் அவள்தான். இருந்தாலும் நாலு நாளைக்குத்தானே என்று பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அடுத்த மாதம் எல்லாக் கடைகளுக்கும் போகவேண்டிய புதுப் பாட்டுகளை அதில் ஏற்றி, சாயங்காலங்களில் மேஜையில் உட்கார்ந்து சரிபார்த்தாள். வேலை முடிந்ததும் பெட்டியை ஒர்க் ஷாப் அலமாரியில் வைத்துவிட்டு அதை மறந்தும் போனாள்.

இரண்டு மாதம் கழித்து, போட்டிக் கம்பெனி ஒன்று பாட்டு ஓட்டும் கடைகளில் இவர்கள் கம்பெனி மெட்டு கேட்கிறது என்று விற்பனைப் பிரிவில் ஒருவர் பதிவு செய்துகொண்டு ஓடிவந்தார். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். குறி வந்தது: இருநூற்றுப் பதினாலு.

அது பழைய மெட்டு. செருப்புக் கடையில் இரண்டு வருடம் ஓடியது. சீல் வேறு கிழிந்திருந்தது. ஏணி, கீணி என்று கதை வேறு. அவளுக்கு ஒன்றோடொன்று பொருந்தி வந்தது. பெட்டி வீட்டில் இருந்த நாலு நாள் அவள் நினைவுக்கு வரவே இல்லை. வந்திருந்தாலும் அதை அவள் கணக்கில் சேர்த்திருக்க மாட்டாள். வீடு என்பது வீடு, அவ்வளவுதான்.

செருப்புக் கடை முதலாளியின் அறையில் விசாரணை நடந்தது. மேனேஜர் ஐம்பது தாண்டியவர். ஒருவர் கடைக்குள் நுழையும்போதே பாதத்தைப் பார்த்து நம்பர் சொல்லிவிடுவார் என்பதால் கடையில் அவருக்கு அளவுகோல் என்று பட்டப்பெயர். அன்று தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"நான் அந்தப் பெட்டி மூடியைக்கூடத் தொட்டதில்லை மேடம். தூசு தட்டறதுக்குக்கூட பயம். கை பட்டா அழிஞ்சுடும்னு உங்க ஆளுங்கதானே சொல்லிட்டுப் போனாங்க?"

"மூடியைத் திறக்கவே வேண்டியதில்லை சார். பெட்டி ஓடிட்டு இருக்கும்போது ஸ்பீக்கர் ஒயர்ல ஒரு கொக்கி போட்டுப் பதிவு பண்ணினாலே போதும்" என்றாள் அவள்.

"கொக்கியா? எனக்கு டியூப் லைட் மாட்டவே தெரியாதும்மா."

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "உறுதியாச் சொல்றீங்களா?"

"பெட்டி பொய் சொல்லாது சார்."

அன்றைக்கே பத்தொன்பது வருட வேலை போயிற்று. சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அவள் நடந்ததையெல்லாம் கணவனிடம் சொன்னாள். கொக்கி என்றதும் அந்த ஆள் முழித்ததை நடித்துக்கூடக் காட்டினாள். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"உனக்கு சந்தேகமே இல்லையே?"

"துளிகூட இல்லை. ஏங்க?"

"சும்மாதான் கேட்டேன். பாவம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

அதற்கு அடுத்த மாதம், ஒரு சனிக்கிழமை, துண்டு வாங்குவதற்காக ஒரு துணிக்கடைக்குப் போனாள். போட்டிக் கம்பெனி பாட்டு ஓட்டும் கடை. பழக்க தோஷத்தில் காது மேலே போயிற்று. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியபோது கையிலிருந்த துண்டை அப்படியே வைத்துவிட்டாள். அது புதுப் பாட்டு. அவள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து சரிபார்த்த பாட்டுகளில் ஒன்று.

போனில் பதிவு செய்துகொண்டு நேராக ஒர்க் ஷாப்புக்குப் போனாள். லீவு நாள், யாரும் இல்லை. கம்ப்யூட்டர் மறுபடியும் அதே நம்பரைச் சொன்னது. இருநூற்றுப் பதினாலு. அவள் இரண்டு முறை, மூன்று முறை போட்டுப் பார்த்தாள். அந்தப் புதுப் பாட்டு இப்போது எல்லாக் கடைகளிலும் ஓடுகிறது; ஆனால் அந்தந்தப் பெட்டியின் குறியோடு. இருநூற்றுப் பதினாலாம் பெட்டிக்குள் அது போனதே செருப்புக் கடையை விட்டு வந்த பிறகுதான். அப்புறம் அந்தப் பெட்டி போன இடம் இரண்டே இரண்டு. ஒன்று, பூட்டிய அலமாரி. அதன் சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. இன்னொன்று, அவள் வீடு.

அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது கணவன் அல்ல, மேனேஜர்தான். எனக்கு டியூப் லைட் மாட்டவே தெரியாதும்மா.

பெட்டி எப்போது திறந்தது, எவ்வளவு நேரம் ஓடியது என்று அதற்குள்ளேயே ஒரு பதிவு இருக்கும். அதை அங்கேயே பார்த்திருக்கலாம். ஆனால் செக்யூரிட்டிக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை இருக்கும். கணவன் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். "வந்துட்டியா? துண்டு கெடச்சுதா?" என்று அங்கிருந்தே கேட்டான். அவள் பெட்டியை மேஜை மேல் வைத்து மின்சாரம் கொடுத்தாள். எண்ணை அமுக்கினாள். ஸ்டோர் ரூம் இருட்டில் ஏணி மேல் நின்று அமுக்கும்போது எந்த எண் விழுந்தது என்று காதுக்குத் தெரியட்டும் என்பதற்காக, பத்து எண்ணுக்கும் பத்து விதமான ஒலி வைத்திருந்தாள். அவசரத்தில் கடைசி இரண்டு எண்களும் முன்பின்னாக விழுந்தன. தப்பு என்று பெட்டி ஒரு முறை உறுமியது. வேண்டுமென்று செய்ததில்லை.

"கடைசி ரெண்டும் இடம் மாறிடுச்சு பாரு" என்றான் கணவன் சமையலறையிலிருந்து.

அவளுக்கு முதலில் புரியவில்லை. எதையோ சொல்கிறான் என்று நினைத்தாள். பிறகு குழாய்ச் சத்தம் நின்றது. அதற்கப்புறம் அங்கே ஒரு பாத்திரம்கூட அசையவில்லை.

சரியான எண்ணைப் போட்டாள். பதிவு வந்தது. அந்த நாலு நாளில் இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்குத் திறந்து, இரண்டு மணி நேரம் ஓடியிருக்கிறது. மூன்றாம் நாளும் அப்படியே. அந்த இரண்டு நாளும் பதினொரு மணிக்கு அவள் கம்பெனியில் பெயிண்ட் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரில் நின்றான்.

"எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"நாலு நாள் என் பக்கத்துல உக்காந்து அதைத்தானே வாசிச்சே? எட்டு சத்தம். எனக்கு விழாம எப்படி இருக்கும்?"

"விழுந்தது தப்பில்லைங்க."

"அது என் பாட்டு." அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "நான் போட்டது. என் மெஷின்லேர்ந்து நீதான் அழிச்சே. இதே மேஜையில. கையெழுத்து வேற வாங்கினே. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு ஒரு தடவை கேட்டிருப்பியா?"

அவள் கேட்டதில்லை. அது உண்மைதான்.

"அந்தப் போட்டிக் கம்பெனிக்காரங்க வேலை தர்றேன்னாங்க. ஒவ்வொரு பாட்டுக்கும் என் பேரைப் போடுறேன்னாங்க. மாதிரி வேணும்னாங்க, எங்கிட்ட ஒண்ணுமே இல்லை. அவங்க கேட்டுப் பாக்கறதுக்குத்தான் குடுத்தேன். கடையில ஓட்டுவாங்கன்னு சத்தியமா நெனைக்கலை. புதுசுல மூணு என்னோடது, அதை மட்டும்தான் எடுத்தேன். மத்தவங்க பாட்டு ஒண்ணைக்கூடத் தொடலை."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம் என்ன?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகிப் பதினொரு வருடமாக வாங்க, போங்க என்றே பேசிப் பழகியவள்.

"பாட்டை விடு" என்றாள். "அந்த மனுஷன் வேலை போச்சுன்னு நான் வந்து சொன்னேனே, அன்னிக்கு நீ எதிர்லதானே உக்காந்திருந்தே? சந்தேகமே இல்லையான்னு கேட்டியே, எதுக்குக் கேட்டே? எனக்காகவா, இல்லை நீ மாட்டுவியான்னு பாக்கறதுக்கா?"

அந்த 'நீ' அவன் முகத்தில் அறைந்தது போல் இருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"சொல்லிடலாம்னுதான் வாயெடுத்தேன். நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே."

அதற்கு மேல் அவளால் அங்கே உட்கார முடியவில்லை. திட்டியிருந்தால், அழுதிருந்தால், காலில் விழுந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் சொன்னது நிஜம். ஓர் ஆளைப் பிடித்துக் கொடுத்த சந்தோஷத்தில் அன்று அவள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கடிதம் எழுதினாள். பெட்டியை விதி மீறி வீட்டுக்குக் கொண்டுபோனது தான், எண்ணைக் காதால் பிடித்துத் திறந்தது தன் கணவன், மேனேஜருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று மூன்று விஷயங்கள். எழுதியதை அவனிடம் படித்துக் காட்டினாள். அவன், "என் பேரையும் போடணுமா?" என்று மட்டும் கேட்டான்.

"பேர் வேணும்னுதானே இவ்வளவும் பண்ணே?" என்றாள்.

திங்கட்கிழமை டைரக்டர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யோசிச்சுதான் எழுதினீங்களா பூட்டக்கா?"

"ஆமா சார்."

"செருப்புக் கடையில விஷயம் ஆறிப் போச்சு. அந்த ஆளும் எங்கேயாவது வேலை தேடிக்கிட்டிருப்பார். இப்போ போய் நம்ம பெட்டியை சத்தம் கேட்டே திறந்துடலாம்னு வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்? நீங்க கட்டின பூட்டு இது. சத்தத்தை எடுத்துடுங்க, எண்ணை மாத்திடுங்க. வீட்டு விஷயத்தை வீட்டோட வெச்சுக்குங்க. யாருக்கும் நஷ்டம் இல்லை."

"அவருக்கு சார்?"

"எவருக்கு?"

அவள் எழுந்துவிட்டாள். எட்டு வருடமாக நல்ல மனிதர் என்று நினைத்திருந்த ஒருவர், 'எவருக்கு' என்று நிஜமாகவே தெரியாமல் கேட்கிறார். கடிதத்தின் இன்னொரு பிரதி கைப்பையில் இருந்தது. அதை நேராகச் செருப்புக் கடை முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் கம்பெனி வாசலில் அவள் கைரேகைக்குக் கதவு திறக்கவில்லை. அந்தக் கதவையும் அவள்தான் அமைத்திருந்தாள்.

கணவன் அவன் அக்கா வீட்டுக்குப் போனான். போட்டிக் கம்பெனி, தகராறு என்று தெரிந்ததும், அவனை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது. நாத்தனார் போன் செய்து, "ஊரு உலகத்துல யாரும் பண்ணாததையா பண்ணிட்டான்? கட்டினவளே காட்டிக் குடுப்பாளா?" என்று அழுதாள்.

மேனேஜர் போனை எடுக்கவே மாட்டேன் என்கிறார் என்று செருப்புக் கடை முதலாளி சொன்னார். விசாரித்ததில் பஸ் நிலையத்தில் பைகள் வைக்கும் அறையில் வேலைக்கு இருக்கிறார் என்று தெரிந்தது. அவள் போனபோது அவர் குனிந்து ஒரு பெட்டிக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலேயே, "என்ன மேடம், இங்க என்ன காணாமப் போச்சு?" என்றார்.

"என்னைப் பாக்காமலே எப்படி சார்?"

"அன்னிக்கு முழுக்கத் தலையைக் குனிஞ்சு உங்க காலைத்தானே பாத்துட்டு இருந்தேன்."

அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் விடவில்லை. நடுவில் இரண்டு பேர் பை எடுக்க வந்தார்கள், அவர் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி கேட்டார். கடிதத்தை வாங்கிப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போனவர், திரும்ப அவள் கையிலேயே கொடுத்தார்.

"இது எனக்கு எதுக்கு? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியுமே. எனக்கு ஒண்ணு பண்றீங்களா? என் பொண்ணைக் குடுத்த வீட்டுக்கு வாங்க. கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆகுது. நான் பொண்ணைப் பாக்கப் போனா, சம்பந்தியம்மா பீரோ சாவியை எடுத்துக் கைப்பையில போட்டுக்கறாங்க. என் பொண்ணு அதைப் பாத்துக்கிட்டே எனக்குத் தண்ணி கொண்டு வர்றா. அங்க வந்து, இப்போ எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லுங்க."

புதன்கிழமை மதியம் இரண்டு பேரும் போனார்கள். மூன்றாம் மாடி. கதவைத் திறந்த மகள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள், பின்னால் நின்றவளைப் பார்த்துப் பயந்தாள். மேனேஜர் வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் தானாகவே போய் உட்கார்ந்தார். அதுதான் வழக்கம் போலிருக்கிறது. சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் சோபாவில் இருந்தார்கள்.

அவள் சொன்னாள். நாலு பேருக்கு நடுவே நின்று சொல்வது, பஸ் நிலையத்தில் சொன்னதைவிடக் கடினமாக இருந்தது. "இவர்மேல பழி போட்டது நான்தான். இவர் எதையும் தொடலை" என்று முடித்தாள்.

"அப்போ எடுத்தது யாரு?" என்றார் சம்பந்தியம்மா.

"என் வீட்டுக்காரர்."

சம்பந்தியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அய்யோ" என்றார். பிறகு, "குழந்தைங்க இருக்கா?" என்றார். இல்லை என்று தலையாட்டினாள். சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"ஏன் சம்பந்தி அங்கேயே உக்காந்துட்டீங்க? உள்ள வாங்க, இப்படி வந்து உக்காருங்க."

மேனேஜர் எழுந்து போய் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். மகள் சமையலறைக்குள் ஓடினாள். பாத்திரம் உருட்டும் சத்தத்துக்கு நடுவே அவள் மூக்கை உறிஞ்சுவது வெளியே கேட்டது. பூட்டக்காவுக்கும் ஒரு டம்ளர் டீ வந்தது. நின்றுகொண்டே குடித்தாள்; யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

கிளம்பியபோது மேனேஜரும் கூடவே படியிறங்கி வந்தார். பஸ் நிறுத்தத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது.

"நாளையிலேர்ந்து கடைக்கு வரச் சொல்லிட்டார் முதலாளி. நேத்துதான் போனை எடுத்தேன்" என்றார்.

"சந்தோஷம் சார்."

"சந்தோஷம் எல்லாம் ஒண்ணும் இல்லை மேடம். உங்களுக்கு என்னைத் தெரியாது. பெட்டி சொன்னதை நீங்க சொன்னீங்க. கடையில இருபத்திரண்டு பேர். பத்தொம்பது வருஷம் ஒண்ணா சாப்பிட்டிருக்கோம். அதுல பாதிப் பேருக்கு நான்தான் வேலை வாங்கிக் குடுத்தேன். அளவுகோல் அப்படிப்பட்ட ஆள் இல்லைன்னு ஒருத்தர் சொல்லலை. ஒருத்தர்கூட. நாளைக்குப் போய் அவங்க நடுவுலதான் நிக்கணும். என்ன பேசறதுன்னு தெரியலை."

ஒரு பஸ் வந்து நின்றது. அவள் படியில் கால் வைக்கப் போனாள்.

"இது உங்க பக்கம் போகாது. அடுத்தது வரும், இருங்க" என்றார்.

இருவரும் நிழலுக்காகத் தள்ளி நின்றுகொண்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.